தெருவில் போகும் என் குரல்

"நான் போவாத தெருவுலயும் என் குரல் மீன் விக்குதுக்கா!"

கோட்டுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு வந்த மத்தியானப் பேருந்து. முன் இருக்கையில் மீன்காரப் பெண், பக்கத்தில் அவருக்குத் தெரிந்த ஓர் அம்மா. காலடியில் இருந்த காலிக் கூடையில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று கட்டியிருந்தது.

"என்னடி சொல்றே?"

"தொண்டை வலிக்குதேன்னு, 'சங்கரா இருக்கு, நெத்திலி இருக்கு, வாங்கம்மா'ன்னு போன்ல பேசி இதுல ஏத்தி வச்சேன். எங்க ஊருல மீன் விக்கிற கலா இருக்கால்ல, எம் மவகிட்ட நைசாப் பேசி அதை வாட்ஸ்அப்ல வாங்கிட்டா. நேத்து நான் ஊருக்குள்ள நுழையுறேன், எனக்கு முன்னாடி என் குரல் எங்க தெருவுல போவுது!"

"அடிப்பாவி! சும்மாவா விட்டே?"

"சண்டை போடத்தான் கிளம்பினேன். கூடையை வச்சுட்டுப் போவலாம்னு வீட்டுக்குள்ள போனா, எந்நேரமும் போனை நோண்டிக்கிட்டுக் கெடக்குற எங்க வீட்டு மனுசன் எந்திரிச்சுப் பாத்திரம் வெளக்குறாரு! வீடு கூட்டியாச்சு, உலையும் வச்சாச்சு!"

"என்ன திடீர்னு?"

"ஸ்பீக்கரைக் கேட்டுட்டு நான்தான் வந்துட்டேன்னு நெனச்சுட்டாருக்கா!"

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் நடத்துநரே திரும்பிப் பார்த்தார்.

"அப்ப கலாவை விட்டுட்டியா?"

"விடுவேனா? நேரா அவ வீட்டுக்குப் போனேன். 'இனிமே காலையிலயும் ஒரு நடை எங்க தெரு வழியா வந்துட்டுப் போடி, சத்தத்தை நல்லா கூட்டி வையி'ன்னு சொல்லிட்டு வந்தேன்."