ஏணியில் பிழையில்லை

இந்தக் காலத்தில் ஏணி பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. எல்லோரும் போனில் பெருவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள், வாறம் அண்ணை என்று எழுதுவார்கள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு விளக்குக் கம்பத்தடியில் போய் நின்றால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அன்றைக்கு வந்தவன் ஸ்ரனிஸ்லாஸ் ஒருவன்தான். அதையும் எழுதிவிட வேண்டும்.

நான் பேதுரு. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் இருபத்தாறு வருடமாகச் சின்னத் துப்புரவு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். ஏணி பழசு, அதனால்தான் ஸ்ரனிஸ்லாஸ் விழுந்து செத்தான் என்று எங்கள் சங்கம் போன கிழமை பொலிசுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறது. ஏணி என்னுடையது. அதில் பிழையில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சங்கத்தில் என்னைப்போலப் பதினெட்டு நிறுவனங்கள். பள்ளிக்கூடங்களைத் துப்புரவாக்கும் வேலை முழுவதையும் கொம்யூன் என்கிற நகரசபை ஒரே கட்டாகப் பெரிய கொம்பனிக்குக் கொடுத்துவிடும். நாங்கள் மிச்சத்தைப் பொறுக்குவோம். அதனால் இம்முறை கொம்யூன் தேர்தலுக்குச் சங்கம் ஒரு தேர்தல் குழு வைத்தது. நான், ஸ்ரனிஸ்லாஸ், விஜிதா என்று மூன்று பேர். வேட்பாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுத்துக் கேள்வி கேட்டோம். யாருடைய பதில் எங்களுக்குத் தோதோ அவருக்குச் சங்கத்தின் ஆதரவு. துண்டுப்பிரசுரம் கொடுப்போம், வீடு வீடாகப் போவோம், கம்பங்களில் அவருடைய படம் கட்டுவோம்.

ஹென்றிக் என்ற டெனிஷ்காரர் இரண்டு வாக்குறுதி தந்தார். வேலையைப் பிரித்துத் தருவார். சின்ன நிறுவனங்களுக்குக் கொம்யூன் சோதனைக்காரரை அனுப்புவதைக் குறைப்பார். நான் அவரை நம்பவில்லை. ஒருவரையுமே நம்புவதில்லை. ஆனாலும் இரண்டாவது வாக்குறுதி எனக்குப் பிடித்திருந்தது. சங்கம் அவருக்கே ஆதரவு என்று முடிவெடுத்தது.

சுஜாந்தினி என்னிடம் வேலை செய்த பிள்ளை. சித்திரை மாதம், பெரிய கொம்பனி எனக்குத் தந்த ஒரு பள்ளிக்கூடக் குளியலறையில் இரண்டு துப்புரவு மருந்தைக் கலந்து ஊற்றினாள். கறை கெதியாகப் போகும் என்று நான்தான் கலக்கச் சொன்னேன். யன்னல் இல்லாத அறை. கிளம்பிய புகையில் நெஞ்சு வெந்துவிட்டது. இப்போது ஒரு மாடி ஏற நாலு தரம் நிற்கிறாள். வீட்டில் நடந்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னேன். அப்படியே சொன்னாள். நல்ல பிள்ளை.

அந்தச் சனிக்கிழமை இலை கொட்டி மழையும் பெய்திருந்தது. தொழிற்சாலைகளுக்குப் பின்னாலுள்ள சைக்கிள் பாதை. எங்களிடம் இருபத்தைந்து படம். பதினாலாவது கம்பத்தில் ஸ்ரனிஸ்லாஸ் மேலே நின்று கட்டினான். நான் கீழ்ப்படியில் ஒரு காலை ஊன்றி ஏணியைப் பிடித்திருந்தேன்.

“அண்ணை, படம் நேரா நிக்குதோ?”

“ஆளே நேரில்லை. படம் எப்பிடி நேரா நிக்கும்? கட்டு.”

சிரித்தான். “நம்பாத ஆளுக்கு இவ்வளவு பாடுபடுற மனிசனை நான் இப்பதான் பாக்கிறன்.”

பிறகு படத்தின் கீழ்மூலையை இழுத்து நேராக்கினான்.

“பேதுரு அண்ணை, சுஜாந்தினி எங்கட மேரிசெலினிட்டை எல்லாம் சொல்லிப்போட்டாள்.”

மேரிசெலின் அவனுடைய மனைவி.

“திங்கட்கிழமை கூட்டத்தில சொல்லப்போறன். சோதனை வேண்டாமெண்டுற ஆளுக்கு நாங்கள் ஆதரவு குடுக்கேலாது. உங்களுக்குச் சொல்லாமல் செய்ய மனம் வரேல்லை.”

“பிறகேன் இந்தப் படத்தைக் கட்டுறாய்?”

“திங்கள் வரைக்கும் சங்கத்தின்ரை முடிவு இதுதானே. வாறனெண்டு சொன்னனான், வந்தனான்.” குனிந்து என்னைப் பார்த்தான். “குழுவில இருக்கிற கதிரையை விடுங்கோ அண்ணை. ஏணியை மட்டும் விட்டிடாதேங்கோ.”

பிளாஸ்டிக் பட்டியை இறுக்க இரண்டு கையையும் தூக்கினான். பதினெட்டுக் குடும்பங்களை நினைத்தேன். சுஜாந்தினியையும் நினைத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. காலை எடுத்தேன். கையையும் எடுத்தேன். தள்ளவில்லை. ஏணி ஈர இலையில் வழுக்கியது.

பாதையோரக் கல்லில் தலை அடிபட்டது. உயிர் இருந்தது. “அண்ணை, போன்” என்றான். அது அவனுடைய ஜாக்கெட்டில் இருந்தது. எடுத்து என் பையில் வைத்தேன். குளிராக இருந்தபடியால் என் மேற்சட்டையால் அவனை மூடினேன். இரக்கமில்லாதவன் என்று யாரும் சொல்லக்கூடாது.

மிச்சம் பதினொரு படம் இருந்தது. படம் கட்ட அன்றைக்குப் பன்னிரண்டு மணியிலிருந்துதான் அனுமதி, அது அடித்ததுமே எல்லாக் கட்சிக்காரரும் கம்பம் தேடி ஓடுவார்கள். பிந்தினால் நல்ல கம்பம் போய்விடும். எல்லாவற்றையும் கட்டி முடித்துத் திரும்பி வந்துதான் ஆம்புலன்சுக்கு அடித்தேன். இப்போதுதான் விழுந்தான் என்று சொன்னேன். அவன் இரண்டாம் நாள் போய்விட்டான். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் மேரிசெலினிடம் சொன்னாராம். அதை எதை வைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று அவனுக்கு ஒரு நிமிட மௌனம் செலுத்தினோம். வேறொன்றும் பேசப்படவில்லை. ஹென்றிக் வென்றார்.

ஏணிக்கு வருகிறேன். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் நடந்தபோது, பின்னாலிருந்து இன்னொரு தரம் அண்ணை என்று கூப்பிட்டான். நான் நிற்கவில்லை. அடுத்த கம்பத்தில் சாத்தி ஏறினேன். அதற்கடுத்ததிலும் ஏறினேன். பதினொரு கம்பத்தடியிலும் அதே ஈர இலை. கீழே பிடிக்க ஒருவரும் இல்லை. ஏணி ஒரு தரமாவது அசையவில்லை. அப்படியிருக்க, நான் காலை எடுத்ததால்தான் அவன் செத்தான் என்று நீங்கள் சொன்னால், எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.