ஃபுமியின் காருக்குப் புது ஆன்டெனா

காருக்கு ஆன்டெனா மாற்றுவது பெரிய வேலை இல்லை ஐயா. ஒரு குறடும் திருப்புளியும் கூட ஓர் ஆளும் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். ரேடியோவைப் போட்டதும் ஆன்டெனா தானே மேலே எழும் வண்டி அது. அதனால்தான் இன்னோர் ஆள். உள்ளே ஒருவர் ரேடியோவைப் போட வேண்டும், வெளியே ஒருவர் பழைய கம்பியை உருவ வேண்டும். கம்பியோடு பல் வைத்த நைலான் கயிறு ஒன்று வால் மாதிரி வரும். புதுக் கம்பியின் வாலை அதே துளைக்குள் விட்டு ரேடியோவை நிறுத்தச் சொன்னால், மோட்டார் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அன்றைக்கு உள்ளே உட்கார்ந்து ரேடியோவைப் போட்டது என் தங்கை ஃபுமி.

பழைய கம்பியை உடைத்ததும் அவள்தான். பாட்டு முடியும்வரை ரேடியோவை நிறுத்த மனமில்லாமல், ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டியைக் கொட்டகைக்குள் விட்டிருக்கிறாள். தகரத்தில் மாட்டிக் கம்பி ஒடிந்துவிட்டது. நாற்பது வயதைத் தாண்டியவள், சின்னப் பெண் மாதிரி முகம் சிவந்து நின்றாள்.

“அண்ணா, திட்டாதீங்க. நீங்களே மாத்திக் குடுத்திடுங்க. கடைக்குக் கொண்டுபோனா அவன் வண்டியையே மாத்தச் சொல்லுவான்.”

நான் திட்டவில்லை. எனக்கு அந்தப் பாட்டைப் பற்றித் தெரியும். கடற்கரை ஊரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் உமேதா என்ற மனிதர் உள்ளூர் வானொலிக்குச் சொல்லி, சாயங்கால நேயர் விருப்பத்தில் பாட்டுப் போடச் செய்வார். ‘மலைச் சாலையில் வெள்ளைக் காரில் வீடு திரும்புகிறவருக்கு’ என்று அறிவிப்பாளர் பெண் சிரித்துக்கொண்டே வாசிப்பாள். ஃபுமி ஆரஞ்சுக் கிடங்கில் வேலை முடிந்து வரும் நேரம் அது. எங்கள் வீட்டுச் சமையலறை ரேடியோவிலும் அது கேட்கும் என்பது அவர்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

அப்பா மரம் வெட்டப் போன இடத்தில் இறந்தபோது ஃபுமி பள்ளிக்கூடச் சிறுமி. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். சோறு வடித்துப் போட்டு, தலை பின்னிவிட்டு வளர்த்தது நான். நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கும் ஆகவில்லை. ஊரில் அதை அவள் தலையெழுத்து என்பார்கள். இடையில் இரண்டு சம்பந்தம் வந்தது. ஒரு தரகரிடம் அவளுக்கு வலிப்பு வரும் என்று சொன்னேன். இன்னொருவரிடம் அதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டினேன், புரிந்துகொண்டு எழுந்து போய்விட்டார். அவளிடம், அவர்களுக்குப் பிடிக்கவில்லையாம் என்று சொன்னேன். அவள் அழுதபோது முதுகைத் தடவிக்கொடுத்ததும் நான்தான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசுவதற்கு மன்னிக்க வேண்டும்.

புதுக் கம்பி ஒழுங்காக உள்ளே போயிற்று. “போடு” என்றேன், எழுந்தது. “நிறுத்து” என்றேன், இறங்கியது. ஃபுமி கை தட்டினாள். “ஒரு திருகு பாக்கி” என்று சொல்லி வண்டியின் பின்பெட்டிக்குள் தலையை விட்டேன். ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்குப் போகும் வயர் அங்கேதான் செருகப்பட்டிருக்கும். உறையை விலக்கினால் நடுவில் தலைமுடி மாதிரி ஒரு செம்புக் கம்பி. நகவெட்டியால் அதை வெட்டி, உறையை மறுபடி மூடிச் செருகினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மறுநாள் வேலை முடிந்து சிரித்துக்கொண்டே வந்தாள். “உங்க ஆன்டெனா ஜம்முன்னுதான் நிக்குது அண்ணா. காதுதான் செவிடு. நம்ம ஊர்த் தலைவர் மாதிரி.”

அவள் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் பார்த்தேன். ஒசாகாவிலிருந்து ஒரு பாகம் வர வேண்டும் என்றேன். நம்பினாள். வண்டி விஷயத்தில் நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சே கிடையாது.

நடந்தது வேறு. பாட்டுக் கேட்கவில்லை என்று சொல்ல அவள் உமேதாவின் கடைக்கே போயிருக்கிறாள். அதுவரை தூரத்திலிருந்து தலை குனிந்து வணங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்கார்ந்து தேநீர் குடிக்க ஆரம்பித்தார்கள். இலையுதிர்காலம் தொடங்கும் முன் ஒரு நாள், சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள்.

“அவங்க அம்மா என்னைப் பாக்கணும்னு சொல்றாங்க அண்ணா. சரின்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட கேட்டிருக்கணும். கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்.”

“நான் ஏன் வேண்டாங்கணும்?” என்றேன். அவள் எழுந்து வந்து என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

அந்த நாளும் வந்தது. புயல் தெற்கே திரும்பிவிடும் என்றார்கள், திரும்பவில்லை. காலையிலிருந்து விடாத மழை. எங்கள் ஊர்க் கோடியில் மலைச் சாலையை அடைக்கும் தடைக்கம்பத்தின் சாவி என்னிடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். சாலை அலுவலகம் தொலைபேசியில் சொன்னதும் இறக்கிப் பூட்டுவது என் பொறுப்பு. மதியம் போன் வந்தது. இரண்டாவது சுரங்கப் பாதையைத் தாண்டி மலைச் சரிவில் விரிசல் விட்டிருக்கிறது, உடனே மூடுங்கள் என்றார்கள். ஃபுமி உள்ளே கண்ணாடி முன்னால் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். “யாரு அண்ணா?” என்றாள். “யாரோ தப்பா போட்டுட்டாங்க” என்றேன். வாய்க்காலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மீதி உங்களுக்குத் தெரிந்ததுதான். மரம் ஏற்றும் லாரி ஓட்டும் கிஷிமோட்டோ அவளுக்கு முன்பே அந்தச் சாலையில் போயிருந்தான். வழியில் வானொலி, எல்லா வண்டிகளும் திரும்புங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல, லாரியைத் திருப்பிக்கொண்டான். எதிரே வந்த ஃபுமிக்கு விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்திருக்கிறான், ஹாரன் அடித்திருக்கிறான். தெரிந்தவன் வணக்கம் சொல்கிறான் என்று நினைத்து அவள் கையசைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

கம்பத்தின் அந்தப் பக்கம் வந்து நின்று அவன் என்னிடம் கத்தினான்: “உங்க தங்கச்சி வண்டி எதிர்ல போச்சுங்க! ரேடியோவ கேக்கவே இல்லையா அவங்க?”

“கேட்டிருப்பாளே” என்றேன்.

சரிந்து விழுந்த மண்ணை அள்ளி அவள் வண்டியை எடுக்க மூன்று நாள் ஆயிற்று. சரியான நேரத்தில் சாலையை மூடியதற்காக ஊராட்சியில் எனக்கு நன்றி சொன்னார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன். என்னால் தாங்க முடியாமல் போனது உமேதாவைத்தான். ஃபுமியின் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு என் முன்னால் வந்து, நெற்றி பாயில் படும்படி குனிந்தார். “அந்த வெயில்ல நின்னு அண்ணன் எனக்காக ஆன்டெனா மாத்திக் குடுத்தார்னு அவங்க சொல்லிட்டே இருப்பாங்க. அவங்கள இத்தனை அருமையா வளர்த்ததுக்கு நன்றிங்க” என்றார். பதிலுக்கு நானும் குனிந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

முன்பு எழுதிக் கொடுத்ததில், நான் போய்ச் சேர்வதற்குள் அவள் கம்பத்தைக் கடந்துவிட்டாள் என்று சொல்லியிருந்தேன். அதை அடித்துவிடுங்கள். நான் அவளுக்கு முன்பே போய்விட்டேன். கம்பத்தை இறக்காமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஃபுமி வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். நீல நிறக் கிமோனோ, அம்மாவுடையது. மழை உள்ளே அடித்தது, மடியில் இருந்த பலகாரப் பொட்டலத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

“ரோடு போகுமா அண்ணா?”

“போகும்” என்றேன்.

“நனையாதீங்க, வீட்டுக்குப் போங்க. அடுப்புல சூப்பு வச்சிருக்கேன்.”

அவள் கோபித்துக்கொண்டு போயிருந்தால் ஒருவேளை தடுத்திருப்பேன். இவ்வளவு சந்தோஷமாகப் போவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வண்டி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கம்பத்தை இறக்கிப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்த்தேன். தெரியாமல் யாராவது அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது பாருங்கள். அந்த விஷயத்தில் நான் எப்போதுமே கவனமான ஆள், ஐயா.