ஏழாவது வளைவில் நாற்பது நிமிஷம்

தள்ளாதீங்க தம்பி. இன்னும் பத்தடி தள்ளினா உங்களுக்குத்தான் மூச்சு வாங்கும், வண்டி ஏறாது. ஓரமா இந்தப் புளியமரத்தாண்ட விடுங்க. பின்சக்கரத்துக்கு ஒரு கல்லு குடுங்க, இல்லன்னா உருண்டுக்கினு திருப்பத்தூருக்கே போய்டும். அது வேணாம், அது பொரபொரன்னு ஒடையற கல்லு. தோ, இது. ஆங்.

ஸ்கிரீன்ல இன்னா காட்டுது? ஆமை படமா, மெதுவாப் போவச் சொல்லுதா. சார்ஜ் எவ்ளோ? அறுபத்திரெண்டு. அப்ப கரண்டும் இருக்குது, ஆமையும் இருக்குது, ஓட மட்டும் மாட்டேங்குது. பேஜாருதான்.

போன உள்ள வைங்க தம்பி. இங்க டவரு ஒரு கோடு கூட வராது. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அப்படித்தான். நிழல்ல உக்காருங்க. உங்க கூட வந்த தங்கச்சிய நான்தான் மேல ஊத்தாண்ட அனுப்பினேன். பாட்டில்ல தண்ணி புடிச்சிக்கினு வரட்டும். போய்ட்டு வர அரமணி ஆவும். பேரு அருணாவாம், நிச்சயம் ஆயிருக்குதாம், எல்லாம் சொல்லிச்சி. நல்ல பொண்ணு. ஜமுனாமரத்தூர் போயி படகு ஏறப் போறோம்னு ஆசையா சொல்லுது. ஆமா, அதுக்கு எதுக்கு இந்த வழியா வந்தீங்க? எல்லாரும் அந்தப் பக்கத்து ரோட்டுலதான போவாங்க. ஓ. கூட்டம் இருக்காதுன்னு. சரி சரி.

நெல்லிக்கா திங்கிறீங்களா? தின்னுட்டு தண்ணி குடிச்சா இனிக்கும். தண்ணி வரட்டும்.

பையிலயா? சாம மாவு. ஆமா, வெயிட்டுதான். நடந்துதான் போறேன். பழகிடிச்சி.

உங்க வேல இன்னா தம்பி? அட. இதே கம்பெனி சர்வீசா? வண்டி வைத்தியருக்கே வண்டி படுத்துக்கிச்சா. சிரிக்கல தம்பி, நெல்லிக்கா புளிக்குது, மூஞ்சி அப்படிப் போவுது. பேரு? நவீன்குமாரா. நல்ல பேரு. எங்கயோ பாத்த மாதிரி இருக்குது. எழுத்துல.

அப்ப இது உங்க வண்டியா? டேனின்னு கூட வேல செய்யற சிநேகிதரோடதா? ஓ. ஒண்ணும் இல்ல, அந்தத் தங்கச்சி, நீங்க போன மாசந்தான் வாங்கினீங்கன்னு சொன்ன மாதிரி இருந்துச்சி. என் காது மந்தம்.

இன்னா பண்றீங்க? சீட்டு தொறக்கலியா? சாவிய உள்ள வுட்டுட்டு எடது பக்கம் முட்டியால ஒரு குத்து குத்துங்க. அங்க இல்ல, இன்னும் கீழ. நவுருங்க. தோ. தொறந்துச்சா? எனக்கு எப்படித் தெரியும்னா? இன்னா தெரியும் எனக்கு, எங்க வூட்டு பீரோ அப்படித்தான் தொறக்கும்.

கேளுங்க, ஒரு வழி சொல்றேன். கொஞ்ச நேரத்துல மேலருந்து ஜீப்பு எறங்கும். தேவராஜ் அண்ணன் ஓட்றாரு. எங்க மலையில தபாலு, மருந்து, கல்யாணப் பத்திரிக எல்லாம் அதுலதான் போவும். ஒரு சீட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா நேரா உங்க டேனி கையில சேத்துடுவாரு. பெட்டிவண்டிய எடுத்துக்கினு அவரு வந்து ஏத்திக்கினு போவட்டும். காயிதம் எங்கிட்ட இருக்குது, பேனாவும் இருக்குது. சாம மாவு விக்கிறவளுக்குப் பேனா எதுக்குன்னா, கணக்கு எழுதத்தான்.

எழுதறது வெவரமா எழுதுங்க. எங்க ஊர்ல கருப்பன்னு ஒருத்தரு, வண்டிக்கு டயர் வேணும்னு சீட்டு குடுத்து அனுப்பினாரு. இன்னா வண்டின்னு எழுதல. டிராக்டர் டயர் வந்து எறங்கிச்சி. இப்ப அது அவரு வாசல்ல கெடக்குது, கோழி அதுலதான் முட்ட வைக்குது. அதனால வண்டி நம்பர் மொதல்ல போடுங்க. எந்த வளைவுல நின்னுச்சி, எப்படி நின்னுச்சி, எந்தப் பார்ட்டு கொண்டாரணும், அல்லாம் எழுதுங்க. நமக்குத் தெரிஞ்சதுதானன்னு அவருக்கு நெனப்பு வர்ற மாதிரி, இந்த வண்டிக்கு முன்னாடி ஆன பழசையும் ஒரு வரி எழுதிடுங்க. இங்கிலீஷ்லயா? தாராளமா. தேவராஜ் அண்ணனுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். எனக்கா? நான் இன்னாத்த கண்டேன்.

தேதி போட்டீங்களா? நேரமும் போடுங்க. கையெழுத்து வேணும். கையெழுத்து இல்லன்னா பழைய காயிதம்னு நெனச்சி பீடி சுத்திப்புடுவாரு. ஆங். குடுங்க, நான் வச்சிருக்கேன். உங்க சட்டப் பாக்கெட்டுல வச்சா வேர்வையில நனஞ்சிடும்.

இப்ப நிம்மதியா உக்காருங்க. மணி இன்னா? பதினொண்ணே காலா. எத்தினி மணிக்கு நின்னுச்சி? பதினொண்ணுக்கு. சரி, இன்னும் நேரம் இருக்குது. எதுக்கா? ஜீப்புக்குத்தான்.

சும்மா உக்காந்திருந்தா பொழுது போவாது. எங்க ஊர்ப் பொண்ணு கத ஒண்ணு சொல்றேன். கோகிலவாணின்னு பேரு. நெல்லிவாசல் நாட்டுல சுகர் பிரஷர் மாத்திரைய வூடு வூடா கொண்டு போய் குடுக்கற வேல. ஏழு ஊரு. ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் நடுவுல ஒரு மேடு, ஒரு பள்ளம். நடந்தா ஒரு நாளைக்கு ரெண்டு ஊருதான் முடியும். அதுக்குன்னே கடன ஒடன வாங்கி ஒரு கரண்டு வண்டி எடுத்துச்சி. இதே கலரு. இந்தக் கலரு நெறைய பேரு வச்சிருக்காங்க, ஆமா.

வாங்கின நாளா மேடு ஏறினா, சரியா ஒரு எடத்துல நின்னுடும். எந்த எடம்னா கேக்கறீங்க? ஏதோ ஒரு வளைவு. இங்க வளைவா இல்ல? பெட்டிவண்டி புடிச்சி ஏத்திக்கினு திருப்பத்தூருக்குப் போவும். அங்க கீழ சமவெளியில அது குதிர மாதிரி ஓடும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து, வண்டி நல்லா ஓடுதுன்னு சர்வீஸ் கார்டுல எழுதிக் குடுத்துடுவாங்க. வூட்டுக்கு வர்ற வழியில மறுபடியும் படுத்துக்கும். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. மூணாவது தடவ அந்தப் பொண்ணு, மலையில வந்து பாருங்கன்னு கேட்டுச்சி. கண்ணாடிக்குப் பின்னாடி வேல செய்யறவங்க யாரோ உள்ளருந்தே சொன்னாங்களாம், வண்டியில கொற இல்ல, லேடிசுக்கு மேடு ஏத்தத் தெரியல, அவ்ளோதான்னு. கவுண்டர்ல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்களாம். வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கறதால ஆளு மூஞ்ச பாக்க முடியல. ஆனா மூணு கார்டுலயும் கீழ ஒரே கையெழுத்து. கடைசி எழுத்த நீட்டி, அடியில ரெண்டு புள்ளி வச்சி.

ஏன் தம்பி எழுந்துட்டீங்க? எறும்பா?

உக்காருங்க, கத முடியல. இப்ப நாலாவது தடவ. இந்த வாட்டி, வண்டிய வுட்டுட்டுப் போங்க, வச்சிருந்து கவனிச்சிப் பாக்கறோம்னு சொல்லிட்டாங்க. பன்னெண்டு நாளாச்சி. போன் போட்டா, கவனிச்சிக்கினு இருக்கோம் மேடம்னு பதிலு. இந்தப் பொண்ணு ஊரு ஊரா கால்நடையா நடந்துக்கினு இருக்குது. ஞாயித்துக்கிழமயும் நடக்குது. ரத்தினம்மாளுன்னு ஒரு அம்மா, பிரஷரு. போன வாரம் மாத்திரை ரெண்டு நாளு லேட்டாச்சி, மயக்கம் போட்டு வுழுந்து மண்டையில தையலு. அந்தம்மா ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தாக்கூட பரவால்லன்னு இருந்துச்சி. அந்தப் பொண்ணுக்கு, சொல்றேன்.

இதுல இன்னொண்ணு. வாரண்டி நாளையோட முடியுது. மூணு வருசம். அப்பால கைக்காசு போட்டு கெட்டுப்போன பார்ட்ட மாத்தணும்னா பாதி வண்டி வாங்கற மாதிரி. நாளைக்குப் போயி நின்னா இன்னா சொல்லுவாங்க? கவனிச்சோம், வண்டி நல்லா ஓடுதுன்னு நாலாவது கார்டு குடுப்பாங்க. அந்தப் பொண்ணு கையில ஒரு ஆதாரமும் இல்ல. காலைல எழுந்து அத நெனச்சிக்கினேதான் நடந்துச்சி.

சீட்டா? எதுக்கு தம்பி? ஏதாச்சும் எழுத வுட்டுப்போச்சா? நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். இல்ல, கையில குடுக்க மாட்டேன். பத்திரமா வச்சாச்சி. ஜீப்பு வந்ததும் நீங்களே குடுக்கறீங்களா? குடுக்கலாமே.

எப்ப வருமா? தம்பி, ஞாயித்துக்கிழமயில ஜீப்பு ஏது? தேவராஜ் அண்ணன் இந்நேரத்துக்கு கறி ஆக்கிக்கினு இருப்பாரு.

கோவப்படாதீங்க. மணி பாருங்க. பதினொண்ணு நாப்பதா? அப்ப சரியாப் போச்சி. அந்தப் பட்டன அழுத்துங்க. அழுத்துங்களேன். பயமா? அழுத்தினா ஒண்ணும் கடிக்காது.

எரியுதா? ஆமை போச்சா? நாப்பது நிமிஷம் நிழல்ல வச்சா சூடு ஆறிடும், தானா எழுந்துக்கும். மேல இன்னும் மூணு வளைவுதான், அது வரைக்கும் தாங்கும். மூணு வருசமா ஓட்றேன், எனக்குத் தெரியாதா?

இன்னா தம்பி, வாய மூடுங்க, ஈ போவப் போவுது.

நீங்க வளைவுல திரும்பும்போதே தெரிஞ்சிடிச்சி. அந்த எடது கண்ணாடியில செவப்புக் கயிறு நான் கட்டினது. கவனிச்சிப் பாக்கறோம்னு சொன்னீங்க இல்ல, நல்லாத்தான் கவனிச்சிருக்கீங்க, பொண்ணோட ஏத்தி. பரவால்ல. நீங்க வரலன்னா இந்தச் சீட்டு எனக்கு எங்க கெடைக்கும்? படிக்கவா? நானும் திருப்பத்தூர் காலேஜ்ல பிசிக்ஸ் படிச்சவதான் தம்பி. டேனி மச்சி, ஏழாவது வளைவுல வண்டி நின்னுடிச்சி. அதே வண்டி, அதே கம்ப்ளைண்ட். மேடு ஏறினா கண்ட்ரோலர் சூடாயி கட் ஆவுது. மூணு தடவயும் நாம எழுதினது தப்பு. ஸ்டோர்ல புதுசு இருக்குது, எடுத்துட்டு வா. இங்கிலீஷ் நல்லா எழுதறீங்க. கீழ அந்த ரெண்டு புள்ளி, அழகு.

பையிலயா? மாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாத்திரைதான்.

உங்க வேலைக்கு நான் ஒல வைக்க மாட்டேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வண்டிய நானே எறக்கி ஓட்டிக்கினு வர்றேன். எறக்கத்துல அது படுக்காது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்னு, மோட்டாருக்கு கரண்ட அளந்து வுடற அந்தக் கண்ட்ரோலர புதுசா மாட்டி, கார்டுல இருக்கறத இருக்கற மாதிரி எழுதிக் குடுங்க. கண்ட்ரோலர் கைக்கு வந்தா சீட்டு உங்க கைக்கு வரும். மேனேஜருக்கு எதுக்குத் தெரியணும், யாரு வண்டிய யாரு எங்க ஓட்டினாங்கன்னு? சரியா? தலைய ஆட்டினா போதாது, வாயால சொல்லுங்க. ஆங்.

தோ தங்கச்சி வருது. சத்தத்தக் கொறச்சிக்கறேன். போன மாசம் நீங்க வாங்கின வண்டியாவே இருக்கட்டும், நாளைக்குப் பத்து மணி வரைக்கும். வா தங்கச்சி, மூச்சு வாங்குது பாரு. வண்டி கெளம்பிடிச்சி, உன் ஆளு கெட்டிக்காரரு. ஆனா மேட்டுல மூணு பேரத் தாங்காதாம். உன்ன எங்க வூட்டாண்ட கொண்டு போய் வுடச் சொன்னாரு, நான் ஓட்றேன். அவரு காத்து வாங்கிக்கினு நடந்து வராராம். நடக்கறதுன்னா அவருக்கு ரொம்பப் புடிக்குமாமே, உங்கிட்ட சொல்லலியா?

என் பையக் குடு, முன்னாடி வச்சிக்கலாம். இறுக்கிப் புடிச்சிக்க.

தம்பி, ஒரு மணி நேரந்தான், பாறையாண்ட குறுக்கு வழி இருக்குது. சோறு வச்சிருப்பேன். மூணு மணிக்கு பஸ்ஸு எங்க வூட்டாண்டதான் நிக்கும், அதுல ரெண்டு பேரும் திருப்பத்தூருக்கு எறங்கிடுங்க. பாட்டில் தண்ணி உங்களுக்கே. நெல்லிக்கா தின்னீங்க இல்ல, இப்ப குடிங்க, இனிக்கும்.

அந்தக் கல்ல எடுங்க.

பாத்தீங்களா? வண்டி நல்லாத்தான் ஓடுது.