துரை வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது

ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. காஜா பெராங் போகும் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த தோட்டத்துப் பெண் தன் கணவரிடம் அவ்வளவு சத்தமாகப் பேசினாள்.

“நாளைக்குத் தொழிலாளர் தின நாடகம். துரை வேஷம் வந்ததும் நீங்க எந்திரிக்காம உட்காந்திருக்கணும், அதுதான் கதையே. ஒத்திகையில ஏங்க எந்திரிச்சீங்க?”

“தொப்பியப் பாத்ததும் காலு தானா எந்திரிச்சிருச்சு, அஞ்சலை.”

“மெர்டேக்கா வந்து வெள்ளக்காரன் போயாச்சு. உங்க காலுக்கு யாரும் சொல்லலையா?”

“சிரிக்காத. நாளைக்கும் எந்திரிச்சா சங்கத்து மானமே போயிரும்.”

அவர் மடியில் பேத்தி அயர்ந்து தூங்கியது. அஞ்சலை அதையே பார்த்தாள்.

“இவள இப்படியே வச்சிக்கிட்டு மேடையில உட்காருங்க.”

“துரை கத்துவானே?”

“கொழந்த தூங்குது, மெதுவாப் பேசுங்கன்னு சொல்லுங்க.”