கட்டணமில்லாத புதன்கிழமைகள்

உட்காருங்கள் மேடம். நான் நின்றுகொண்டே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். தி.நகர் துணிக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவளுக்கு உட்கார்ந்தால் பேச்சு வராது. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு எங்களுக்கும் ஸ்டூல் கொடுத்தார்கள். அதன்மேல் சேலைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறோம்.

தங்கையின் பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்துவிட்டது. ஆனாலும் விஷயம் தெரிந்தவுடன் அடையாறிலிருந்து மயிலாப்பூருக்கு இந்த வெயிலில் துக்கம் கேட்க வந்திருக்கிறீர்கள். நல்ல மனசு, மெஹக் மேடம். நீங்கள் கேட்டதும் ஒரே கேள்விதான். புதன்கிழமைதோறும் உங்களிடம் பேச வந்துகொண்டிருந்த என் தங்கை ஷண்முகப்ரியா ஏன் பாதியில் நின்றாள், நிஜமாகவே வேலை கிடைத்ததாலா, இல்லை உங்கள் பேரில் ஏதாவது குறையா என்று கேட்டீர்கள். குறை ஒன்றும் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலிலிருந்து வர வேண்டும்.

திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் இருப்பவர் எங்கள் நைனா. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. காது நன்றாகக் கேட்கும். அம்மா இல்லை. எனக்கும் கல்யாணம் ஆகவில்லை, ப்ரியாவுக்கும் ஆகவில்லை. என் சம்பளம் நிலையானது என்பதால் அவள் தன் வேலையை விட்டுவிட்டு நைனாவைப் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவள்தான். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. உன்னால் முடியுமா என்று யாரும் கேட்கவும் இல்லை.

நாலு வருடம் அப்படிப் போனது. அதன் பிறகு அவள் தலை வாருவதை விட்டுவிட்டாள். சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிடுவாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பயமாக இருந்தது.

அலைந்தேன் மேடம், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. அடையாறிலேயே ஒரு தனியார் மனநல மையம், ஏசியும் மீன் தொட்டியுமாக இருந்தது. ஒரு மணி நேரம் பேசுவதற்கு அவர்கள் கேட்ட தொகை நான் நாலு நாள் நின்று சம்பாதிப்பது. வாராவாரம் வரச் சொன்னார்கள். செல்போனில் ஒரு ஆப், பாதி விலை. அதில் வந்த பெண்ணுக்கு இங்கிலீஷ்தான் வந்தது. இலவச ஆலோசனை நம்பர் ஒன்றைப் போட்டுக் கையில் கொடுத்தேன். ஒரு திரை மட்டும் தொங்குகிற வீட்டில், நைனா கேட்டுக்கொண்டிருக்கும்போது அவள் என்ன பேசுவாள்? "நல்லாகீறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கிடைத்தது, உங்கள் கல்லூரியில் பேச ஆள் கிடைத்தது. இரண்டுக்கும் காசு இல்லை. படிக்கிற பிள்ளைகள் பழகுவதற்காகப் பேசுவார்கள், மேலே ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். தையல் பழகுகிறவளிடம் ரவிக்கை கொடுப்பது மாதிரிதானே, கெட்டால் கெடட்டும் என்று அனுப்பினேன். ரவிக்கை கச்சிதமாக அமைந்துவிட்டது.

அவள் குளித்தாள், சாப்பிட்டாள். ஒரு நாள் உங்களிடமிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"க்கா, அவங்க என்னாண்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. உங்களுக்கு இன்னா வேணும்னு."

"நீ இன்னா சொன்ன?"

"சொல்லத் தெரியல. அழுதுட்டேன்."

அடுத்த வாரம் சொல்லத் தெரிந்துவிட்டது. "வேளச்சேரில ஒரு கம்பெனில ஆள் எடுக்கிறாங்கக்கா. பக்கத்துலயே ஹாஸ்டல் கீது. நைனாவ நீ பாத்துக்க, ஞாயித்துக்கிழம நான் வந்துடறேன்." சிரித்துக்கொண்டே சொன்னாள். சரி என்றேன்.

உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை மேடம். எனக்கு நைனாவைத் தொடப் பிடிக்காது. அந்த வாடை, அந்த வாய், கஞ்சி வழிகிற கன்னம், எதுவுமே பிடிக்காது. கடையில் நான் ஒரு ஆள். சரோஜாக்கா இருக்காங்களா என்று கேட்டு வருகிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு இந்தத் திரைக்குள் வந்து உட்கார என்னால் முடியாது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்.

அவள் போன் உடைந்து கிடந்ததால் உங்கள் கல்லூரியில் என் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். ப்ரியாவுக்கு வேலை கிடைத்துவிட்டது, இனிமேல் வர மாட்டாள் என்று போனில் உங்களிடம் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம்க்கா" என்றீர்கள். அவளிடம், அந்தப் பெண் படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டது என்றேன். அவள் உங்களைத் திட்டவில்லை. "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றாள், அவ்வளவுதான்.

அதோடு அடங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அடங்கவில்லை. நீங்கள் சொல்லிக் கொடுத்தது உள்ளே நின்றுவிட்டது. தானே போய் இன்டர்வியூவுக்கு நாள் வாங்கி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். முதல் தடவைக்குப் பிறகு நோயாளி வராவிட்டாலும் கூட இருப்பவர் சீட்டோடு போனால் மாத்திரை தருவார்கள். டாக்டர் நம்மைத்தான் கேட்பார். வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது அவரும் வேறு என்ன செய்வார்? வரிசையில் எனக்கு முன்னால் பீர் முஹம்மது என்று ஒருவர் வருவார், மகனுக்காக. "நைட்ல தூங்கறதே இல்ல சார். தனியா பேசிக்கினு கீறான். கைய ஓங்கறான்" என்று சொல்லி அழுவார். உடனே மகனுக்குத் தூங்க வைக்கிற பெரிய மாத்திரை எழுதினார்கள். இருபத்திரண்டு வருடம் சேலை விற்றவளுக்கு எந்த வார்த்தைக்கு எது நடக்கும் என்று தெரியும். அவர் மகனைப் பற்றி அழுதுகொண்டே சொன்னதை நான் என் தங்கையைப் பற்றி அழாமல் சொன்னேன். எனக்கும் அதே மாத்திரை கிடைத்தது. அடுத்த தடவை கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். வர மாட்டேன் என்று அடிக்கிறாள் சார் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. எனக்காக.

நல்லாகிவிட்டேன், இனி மாத்திரை வேண்டாம் என்று ப்ரியா சொன்னதால் அதைப் பொடித்துக் காபியில் கலந்தேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளந்துதான் போட்டேன். பொடிப்பதை நைனா பார்த்தார். கண்ணை அகல விரித்து ஏதோ சத்தம் போட்டார். திரையை இழுத்து விட்டேன்.

இன்டர்வியூ அன்று மத்தியானம்வரை தூங்கினாள். எழுந்து, "எனக்கு இன்னாக்கா ஆவுது?" என்று என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். உடம்பு இன்னும் சரியாகவில்லை என்று சொல்லித் தலையைத் தடவிக்கொடுத்தேன். பாவமாகத்தான் இருந்தது. அந்தக் கம்பெனிக்காரர்கள் இன்னொரு நாள் கொடுத்தார்கள். கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

அன்று இரண்டு பங்கு போட்டேன். அப்படியும் எழுந்துவிட்டாள் மேடம். சுவரைப் பிடித்துக்கொண்டே குளித்துவிட்டு வந்தாள். துப்பட்டாவில் ஊக்குக் குத்த வரவில்லை, நான்தான் குத்திவிட்டேன்.

"தல ஒரு மாதிரி சுத்துதுக்கா. ஸ்டேஷன் வரைக்கும் கூட வர்றியா?"

"கடைக்கு லேட்டாயிடுச்சு. நீ போய்க்கினே இரு, காத்து பட்டா சரியாயிடும்."

பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்கு எவ்வளவு படி ஏற வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். மேல் படிவரை போய்விட்டாள் என்றார்கள். அங்கிருந்து விழுந்தாள். விசாரிக்க வந்தவர்களிடம் ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டினேன். ரொம்ப நாளாக மனசு சரியில்லை, மாத்திரை சாப்பிடுகிறாள் என்றேன். அவர்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் கையால் தள்ளவில்லை. மற்றபடி செய்தது நான்தான்.

நைனாவை இப்போது பக்கத்து வீட்டு சகினா பார்த்துக்கொள்கிறாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வருகிறாள். நான் பயந்த அளவு செலவு இல்லை. முன்பே கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.

அழாதீர்கள் மேடம். எனக்கு அழுகை வரவில்லை. சேலையை விரிக்கிறேன், மடிக்கிறேன், என்ன கலர் என்று கேட்டால் இன்னொரு தடவை பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாட்டில் உப்பு தெரிவதில்லை. யாரிடமாவது போய்ப் பேசு என்று கடையில் சொல்கிறார்கள். விசாரித்தேன், எல்லா இடத்திலும் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள், நமக்குக் கட்டுப்படியாகாது. ப்ரியாவின் புதன்கிழமை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றால் எனக்குக் கொடுங்கள். வார லீவை மாற்றிக்கொள்கிறேன். நான் ஒழுங்காக வருவேன் மேடம், அவளைப் போல் பாதியில் நின்றுவிட மாட்டேன்.