நான்கு தாங்குபட்டைகள்

தகட்டை மடித்தால் மடிப்பில் அது சற்று நீளும், இன்ஸ்பெக்டர் ஐயா. அந்த நீளத்தை முன்பே கழித்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இது தெரியாதவர்கள்தான் பதுளையில் பாதிப் பட்டறைகளை நடத்துகிறார்கள். எங்கள் முதலாளியும் அவர்களில் ஒருவர். கணினி என்பது அவருக்குக் கொஞ்சம் விலை கூடிய டிவி.

கம்சலாவை வேலைக்கு எடுத்தவர் அவர்தான். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். இருபத்து நான்கு வயது, கையில் ஒரு டிப்ளோமா. நான் அங்கே இருபத்திரண்டு வருடங்களாக வரைபடம் போடுகிறவன். ஒரு நாள் என் திரையைப் பார்த்துவிட்டு, தகடு வெட்டும் ஜௌபரின் முன்னால் சொன்னாள்:

“சண்முகராஜா சேர், மடிப்புக்குக் கழிக்கலைங்க. ரெண்டு துண்டும் முட்டும்.”

யாராவது கவனிக்கிறார்களா என்று பார்க்கத்தான் நான் அதை அப்படி விட்டிருந்தேன். ஜௌபர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, பணிவாக நின்றாள். சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பிறகு பசறைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று, தூள் சலிக்கும் அறைக்குத் தூசி உறிஞ்சும் கூடு ஒன்று கேட்டது. கூரையிலிருந்து தொங்க வேண்டிய பெரிய தகட்டுக் கூடு, முப்பத்தொரு துண்டுகள். முதலாளி அதை அவளிடம் கொடுத்தார். மூன்று வாரத்தில் முடித்தாள். ஒரு துண்டின் அளவை மாற்றினால் அதோடு சேரும் துண்டுகளும் தாமாகவே மாறிக்கொள்ளும்படி கோத்திருந்தாள். முதலாளி தேர்த் திருவிழா பார்ப்பவரைப்போல வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

கூட்டைக் கூரையோடு பிடித்திருப்பவை நான்கு தாங்குபட்டைகள். ஐந்து மில்லிமீற்றர் தடிப்பு என்று போட்டிருந்தாள். சரியான அளவுதான், அதை நான் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்துவிட்டு, மத்தியானம் ரொட்டி சாப்பிடப் போனாள். அந்த நேரத்தில் நான்கையும் மற்றத் துண்டுகளின் தொடர்பிலிருந்து விடுவித்து, தடிப்பை ஒன்றரை ஆக்கினேன். திரையில் எதுவும் அசையவில்லை. திரைக்குப் பாரம் தெரியாது.

ஜௌபருக்கு மட்டும் சந்தேகம் வந்தது. “சேர், இது கையாலயே வளையுதே. தாங்குமா?”

“கம்சலா போட்ட அளவு. நீ வெட்டு.”

வெட்டினான். சந்தேகப்படுவதோடு தன் கடமை முடிந்தது என்று நினைக்கும் ஆள் அவன்.

பொருத்திய அன்று நானும் போயிருந்தேன். கூட்டின் கீழே ஆறு பெண்கள் தூளில் கிடந்த காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கருப்பம்மா என்பவள் அண்ணாந்து பார்த்தாள்.

“இனிமே இருமல் வராதுங்களா, ஐயா?”

“வராது,” என்றேன். நான் அவளிடம் பொய் சொல்லவில்லை.

சலிக்கும் இயந்திரத்தின் அதிர்வுக்கு அதிகபட்சம் இரண்டு வாரம் தாங்கும் என்று கணித்திருந்தேன். பதினோராம் நாள் காலையில் விழுந்தது. கருப்பம்மா அங்கேயே இறந்தாள். இன்னொருத்திக்கு ஒரு கால் போயிற்று.

கம்சலா கணினியில் தன் வரைபடக் கோப்பைத் திறந்து பார்த்தாள். ஒன்றரை என்று இருந்தது. என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவில்லை, தன்னையே சந்தேகித்தாள். சாவு வீட்டு வாசலில் விழுந்து, “நாந்தாங்க கொன்னுட்டேன், நாந்தான்,” என்று அழுதாள். நீங்களும் அதை நம்பி அவளைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அழுகிறவர்கள் சொல்வதைப் பொலிஸ் சீக்கிரம் நம்பிவிடும்.

அதற்காக நான் இங்கே வரவில்லை. கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் நேற்றுப் பட்டறையில் நின்றுகொண்டு, “அனுபவமில்லாத யாரோ கவனப்பிழையா அளவை மாத்திப் போட்டிருக்காங்க,” என்றார். உங்கள் ஆட்களும் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். கவனப்பிழையாம்.

அந்த வரியை வெட்டிவிடுங்கள். நான் சொல்வதை எழுதுங்கள். தடிப்பு எனக்குத் தெரியும். கூட்டின் பாரம் தெரியும். எத்தனை நாள் தாங்கும் என்று தெரியும். கீழே யார் உட்கார்வார்கள் என்பதும் தெரியும்.

இதில் பிழை எங்கே இருக்கிறது?