சுவரில் முட்டிய பந்து

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகத்தாரே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோரே, என்னோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டிய ஆசிரியர்களே, வணக்கம். பேச இன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. பேசாமல் போனாலோ மனசு ஆறாது.

சிறப்புக் குழந்தைகளுக்கான நம் பயிற்சி மையத்தின் தலைமை ஆசிரியை மாரடைப்பில் போய்விட்டார். தலைமை ஆசிரியை என்றால் யாருக்குத் தெரியும்? தரை டீச்சர் என்றால்தான் தெரியும்! நாற்காலி போட்டால் அதில் பையைத்தான் வைப்பார். பேச்சு வராத பிள்ளையோ, நடை வராத பிள்ளையோ, யார் வந்தாலும் எதிரே பாயில் உட்கார்ந்துவிடுவார்.

"இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம் டீச்சர், அடுத்த வருஷம் பார்க்கலாமே" என்பார்கள் அம்மாக்கள்.

"அப்பா கதை இருக்கட்டும்மா. இவனை இப்பவே கூட்டிட்டு வா. இந்த வயசு போனா திரும்பி வராது."

தொண்டை வற்றச் சொன்னாரே! எத்தனை பேர் கேட்டோம்?

அவருடைய முறை என்ன? பந்தை உருட்டுவார், பிறகு சும்மா இருப்பார். பம்பரம் என்று நாம் கூப்பிடும் பையன் வந்த புதிதில் சுற்றிக்கொண்டே இருப்பான், பெற்ற தாயைக்கூட ஏறிட்டுப் பார்க்க மாட்டான். பந்து அவன் காலடியில் கிடக்கும். "பாவம் டீச்சர், நானே எடுத்துக் குடுத்துடறேன்" என்று அவன் அம்மா கெஞ்சுவார். "நீ கை வைக்காதம்மா. அவனே தள்ளட்டும்."

மாசக்கணக்கில் இதே கதை. ஒரு நாள் தள்ளினான். தள்ளிவிட்டு டீச்சரின் முகத்தையும் பார்த்தான்! தாய் வாய்விட்டு அழுதார். டீச்சரோ, "அழுகையை அப்புறம் வச்சுக்கலாம், வந்து பந்தைப் பிடி" என்றார்.

நேற்றும் அவன் வந்தான். அவனிடம் எப்படிச் சொல்வது? பாயில் உட்கார்ந்து, டீச்சர் வழக்கமாக உட்காரும் பக்கம் பந்தை உருட்டினான். அது சுவரில் முட்டி நின்றது. அவர் பழக்கியபடியே காத்திருந்தான் ஐயா! அடுத்த அறையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் நான் ஓடிவந்து, பந்தை எடுத்து உருட்டினேன். என்னைப் பார்க்கவில்லை. எழுந்தான். மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டான்.

புது ஆள் கிடைக்கும்வரை டீச்சரின் அறையைப் பூட்டி வைக்கலாம் என்கிறது நிர்வாகம். பிள்ளைகளின் வயசையும் சேர்த்துப் பூட்டி வைப்பீர்களா?

எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது. அவருடைய பொறுமையில் கால்வாசி எனக்குக் கிடையாது, முட்டியும் மடங்காது. ஆனாலும் டீச்சர், நாளைக்கு நான் அந்தப் பாயில் உட்காருவேன். எழுந்திருக்க யாராவது கை கொடுங்கள். நிர்வாகத்தாரே, சாவியை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள். காலையில் அவன் வந்துவிடுவான்.